எண்சாண் உடம்புக்கு யார் கைச் சாண்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. இதில் சிரசைத்தான் எல்லாரும் கவனிக்கிறோம். எண்சாண் என்பதைக் கவனிப்பதில்லை. யார் கையால் எட்டுச் சாண்? அவரவர் கையால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் கையால் என் உடம்பை அளந்தால் ஏழரைச் சாணும் வரலாம், ஒன்பது சாணும் வரலாம். அதனால் என் உடம்பில் குறை வந்துவிடாது. சாண்தான் மாறியிருக்கிறது.

இந்தச் சாதாரண உண்மையை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. பல் வரிசையைச் சீர்செய்யும் முன்பு தலையை எக்ஸ்ரே எடுத்து அளக்கிறார்களே, அந்த அளவையின் வரலாற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதை ஆங்கிலத்தில் செஃபலோமெட்ரி என்பார்கள். தலை அளவை என்று நாம் சொல்லலாம்.

கம்பி போடும் முன் ஒரு படம்

பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். பல்லில் கம்பி போட்டவர்கள் சிலராவது கண்ணில் படுவார்கள். ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்றிருந்த சிகிச்சை, இன்று தொழிற்சாலைத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கும் வந்திருக்கிறது. பல்லாயிரம் ரிங்கிட் செலவு. தவணை முறையில் கட்டும் பெற்றோர்களும் உண்டு.

முறையான மருத்துவர் எடுத்த எடுப்பில் கம்பியை ஒட்டிவிட மாட்டார். பல் அச்சு எடுப்பார், புகைப்படம் எடுப்பார். பிறகு தலையின் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்வார். அந்தப் படத்தில் கோடுகள் போட்டுக் கோணங்களை அளந்து, "மேல்தாடை இத்தனை டிகிரி முன்னே இருக்கிறது" என்பார். சில பிள்ளைகளுக்கு, "நான்கு பற்களை எடுத்துவிட்டுத்தான் கம்பி போட வேண்டும்" என்பார்.

எடுக்கச் சொல்வது பெரும்பாலும் சொத்தை இல்லாத நல்ல பற்களை! எடுத்த பல் மறுபடி முளைக்காது. ஆகவே ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. இத்தனை டிகிரி கூடுதல் என்கிறீர்களே, யாரோடு ஒப்பிட்டுக் கூடுதல்? இந்தக் கேள்விக்குப் பின்னால் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் பாதி, பெருமைப்பட முடியாத வரலாறு.

கடுகு நிரப்பிய மண்டை ஓடுகள்

18-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் பெட்ரஸ் காம்ப்பர் என்ற உடற்கூறு அறிஞர் இருந்தார். ஓவியர்கள் வெவ்வேறு நாட்டு மனிதர்களின் முகங்களை ஒரே அச்சில் வார்த்தது போல வரைகிறார்களே என்பது அவருடைய வருத்தம். முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து, நெற்றியிலிருந்து மேல்தாடைக்கு ஒரு கோடும், காதுத் துவாரத்தின் பக்கமிருந்து மூக்கின் அடிக்கு ஒரு கோடும் போட்டார். இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்தார். இதற்கு முகக்கோணம் என்று பெயர். அவர் 1789-இல் இறந்தார். 1791-இல் அவருடைய நூல் வெளிவந்தது.

ஓவியர்களுக்கு உதவ வந்த கோணம் வேறு கைகளுக்குப் போனது. கோணம் பெரிதானால் அறிவு பெரிது, சிறிதானால் சிறிது என்று பின்னால் வந்தவர்கள் மனிதர்களைப் படிக்கட்டில் ஏற்றினார்கள். உச்சிப் படியில் கிரேக்கச் சிலையை வைத்தார்கள், அதற்கு அடுத்து ஐரோப்பியர்களை வைத்தார்கள். கறுப்பின மக்களைக் கீழ்ப்படியில் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சாமுவேல் மார்ட்டன் என்பவர் நூற்றுக்கணக்கான மண்டை ஓடுகளைச் சேகரித்தார். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க முதலில் கடுகை நிரப்பி அளந்தார். பிறகு ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினார். 1839-இல் அவர் நூல் வந்தது. அந்தக் காலத்து அடிமை முறைக்கு ஆதரவு தேடியவர்களுக்கு அவருடைய எண்கள் வசதியாக அமைந்தன.

ஆனால் இதே காலத்தில் பயனுள்ள ஒரு காரியமும் நடந்தது. ஒவ்வொருவரும் தலையை ஒவ்வொரு விதமாகச் சாய்த்து வைத்து அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது அல்லவா? 1880-களில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஆய்வாளர்கள் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். காதுத் துவாரத்தின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக இருக்கும்படி தலையை வைத்து அளக்க வேண்டும் என்று முடிவானது. பிராங்பர்ட் கோடு என்ற அந்தக் கோட்டை இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் போடுகிறார்கள். இனத்தை எடைபோட வந்த கோடு, இன்று பல்லைச் சீர்செய்ய உதவுகிறது.

எழும்பூரில் அளந்தார்கள், மலாயாவிலும் அளந்தார்கள்

இந்தத் தலை அளவை நம் முன்னோர்களையும் விட்டுவைக்கவில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மருத்துவம் படித்த ஆங்கிலேயர். தென்னிந்தியாவின் பல பகுதிகளுக்கும் போய் அங்குள்ள மக்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கின் உயரம், மூக்கின் அகலம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். கே.ரங்காச்சாரி என்ற தமிழ் அறிந்த உதவியாளரோடு சேர்ந்து 1909-இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். நம் பழக்க வழக்கங்கள் பற்றிய தகவல்களுக்காக அந்தத் தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவற்றில் மனிதர்களின் மூக்கும் தலையும் எண்களாகவும் பதிவாகியிருக்கின்றன.

வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி இதைவிட ஒரு படி மேலே போனார். மூக்கின் அகலம் கூடக் கூட, சாதியின் சமூக நிலை தாழ்ந்துகொண்டே போகும் என்று எழுதினார். 1901-ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே. ஊர்த் தகராறாக இருந்த சாதி ஏற்றத்தாழ்வுக்கு விஞ்ஞான முலாம் பூசிய வேலை அது.

மலாயாவிலும் இது நடந்தது. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நெல்சன் அன்னன்டேல், ஹெர்பர்ட் ராபின்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தீபகற்பத்தின் வடபகுதியில் பயணம் செய்தார்கள். மலாய்க்காரர்களையும் பூர்வகுடி மக்களையும் அளந்து நூலாக வெளியிட்டார்கள். அளக்கிறவர் ஒரு பக்கம், அளக்கப்படுகிறவர் மறுபக்கம். அளக்கப்பட்டவருக்கு அதனால் கிடைத்த நன்மை எதுவும் இல்லை.

இந்தப் படிக்கட்டுக் கணக்கை ஆட்டிப் பார்த்தவர் பிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியல் அறிஞர். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறியிருக்கிறது என்று 1911-ஆம் ஆண்டு வாக்கில் அறிவித்தார். மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் பிற்காலத்தில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனாலும் தலையெழுத்து மாறாது என்பது போல தலை வடிவமும் மாறாது என்றிருந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்துவிட்டது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்து வேரூன்றிய நமக்கு இந்தச் செய்தியின் பொருள் எளிதில் விளங்கும்.

உயிரோடு இருப்பவரின் மண்டை ஓடு

அதுவரை எலும்பை நேராக அளக்க வேண்டுமானால் இறந்தவரின் மண்டை ஓடுதான் வேண்டும். உயிருள்ளவரைத் தோலின் மேல்தான் அளக்க முடியும். 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மானிய விஞ்ஞானி ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே ஓட்டோ வால்க்ஹோஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தம் பற்களையே படம் எடுத்துவிட்டார். அந்த ஒரு படத்துக்கு 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம்!

ஆனால் எக்ஸ்ரே படத்தை அளப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. விளக்கின் முன்னால் கையைக் காட்டினால் சுவரில் நிழல் பெரிதாகவும் சிறிதாகவும் விழுகிறது அல்லவா? எக்ஸ்ரேயும் நிழல்தான். தூரம் மாறினால் அளவு மாறும். தலை திரும்பினால் வடிவம் மாறும். 1922-இல் பாசினி என்ற அமெரிக்கர் நோயாளியின் தலையைத் துணிக்கட்டால் படத்தகட்டோடு சேர்த்துக் கட்டி, எக்ஸ்ரே குழாயை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் படம் எடுத்தார். நல்ல யோசனைதான். ஆனாலும் துணிக்கட்டை நம்பி, அடுத்த ஆண்டு அதே தலையை அதே நிலையில் நிறுத்த முடியாது.

கிளீவ்லாந்துக் குழந்தைகள்

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஹாலி பிராட்பென்ட். நவீன பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிளிடம் படித்தவர். வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் எலும்பு ஆய்வாளர் விங்கேட் டாட்டுடன் பணியாற்றினார். அங்கே இறந்தவர்களின் மண்டை ஓட்டை அசையாமல் பிடித்து அளக்கும் கருவி இருந்தது. அதையே உயிருள்ள குழந்தையின் தலைக்கு ஏற்றபடி மாற்றினார். இரண்டு காதுத் துவாரங்களிலும் மெல்லிய தண்டுகள் தலையைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரே குழாய் எப்போதும் ஐந்து அடி தூரத்தில் இருக்கும். 1931-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹோஃப்ராத் என்பவரும் இதே போன்ற முறையைத் தனியாக வெளியிட்டார்.

கருவியைவிடப் பெரிய மாற்றம் கேள்வியில் வந்தது. தர்ஸ்டன் ஓர் ஆளை அளந்து, இவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார். பிராட்பென்ட் ஒரு குழந்தையை அளந்து, அடுத்த ஆண்டும் அதே குழந்தையை அளந்து, இந்தக் குழந்தை எப்படி வளர்ந்திருக்கிறது என்று கேட்டார். போல்ட்டன் குடும்பத்தின் பொருளுதவியோடு 1929-இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஆயிரக்கணக்கான கிளீவ்லாந்துக் குழந்தைகளின் படங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. மண்டையின் அடித்தளத்திலிருந்து முகம் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் வளர்கிறது என்பது ஒரே குழந்தையின் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது கண்கூடாகத் தெரிந்தது. அந்த அளவுகளை 1975-இல் நூலாக்கினார்கள்.

நோயில்லாத குழந்தைகளை ஆய்வுக்காக ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்க இன்றைய மருத்துவ நெறி இடம் தராது. அதனால் அப்படியொரு தொகுப்பைப் புதிதாக உருவாக்குவது கடினம். முக வளர்ச்சி பற்றிய பாடத்தில் அந்தக் கிளீவ்லாந்துக் குழந்தைகள் இன்னும் நெடுநாள் இடம்பெறுவார்கள்.

நான்கு புள்ளிகள், மூன்று எண்கள்

இனி, அந்தப் படத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். பல் சீரமைப்பு படிக்க வருகிற மாணவருக்கு முதல் பாடம் பொறுமை. எக்ஸ்ரே படத்தை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, அதன் மேல் மெல்லிய படித்தாளை ஒட்டி, கூரான பென்சிலால் எலும்பின் விளிம்புகளைப் படியெடுக்க வேண்டும். இன்று கணினியில் செய்கிறார்கள் என்றாலும் பாடம் மாறவில்லை.

பல புள்ளிகள் உண்டு. நான்கைத் தெரிந்துகொண்டால் மருத்துவர் பேசுவது நமக்கும் புரியும். முதல் புள்ளி எஸ். மண்டையின் நடுவே பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் சேணம் போன்ற குழியின் மையம் அது. இரண்டாவது என். நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம். மூன்றாவது ஏ. மேல்தாடையின் முன்பக்க வளைவில் மிகவும் உள்ளடங்கிய இடம். நான்காவது பி. கீழ்த்தாடையில் அதே போன்ற இடம்.

எஸ், என், ஏ மூன்றையும் இணைத்தால் வரும் கோணம், மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று காட்டும். எஸ், என், பி மூன்றையும் இணைத்தால் கீழ்த்தாடையின் நிலை தெரியும். முதல் கோணத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இரண்டு தாடைகளுக்கும் உள்ள உறவு தெரியும். பாடப்புத்தகத்தில் 82, 80, 2 என்று இருக்கும். 1953-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த சிசில் ஸ்டைனர் என்ற நிபுணர் பரவலாக்கிய எண்கள் இவை. வித்தியாசம் நான்கைத் தாண்டினால் மேல்தாடை முன்னே இருக்கலாம், அல்லது கீழ்த்தாடை பின்னே இருக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கீழ்த்தாடை முந்திக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. எல்லாக் கோணங்களும் எஸ்-என் கோட்டைத் தொங்கலாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோடு எல்லாருக்கும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. சுவரில் ஆணி கோணலாக இருந்தால் நேரான படமும் கோணலாகத்தானே தெரியும்? எஸ்-என் கோடு சற்றுப் படுத்தவாறு இருந்தால் கோணம் கூடும். நிமிர்ந்திருந்தால் குறையும். தாடை அதே இடத்தில்தான் இருக்கும்!

உதாரணத்துக்கு ஒரு பிள்ளைக்கு 85, 82, 3 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் படிக்கிறவர், இரண்டு தாடைகளும் முன்னே துருத்தியிருக்கின்றன என்று உடனே எழுதிவிடுவார். அனுபவசாலி முதலில் எஸ்-என் கோடு பிராங்பர்ட் கோட்டோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்தச் சாய்வு வழக்கமான 7 டிகிரிக்குப் பதிலாக 4 என்றிருந்தால், கூடுதலாக வந்த மூன்று டிகிரியும் அந்தக் கோட்டினால் வந்திருக்கலாம். அப்போது தாடை குற்றவாளி அல்ல.

இந்தக் குறையைத் தாண்ட 1975-இல் அலெக்சாண்டர் ஜேக்கப்சன் என்பவர் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு வழி சொன்னார். பற்கள் கடிக்கும் தளத்தில் ஒரு கோடு போட்டு, ஏ, பி இரண்டு புள்ளிகளிலிருந்தும் அதற்குச் செங்குத்துக் கோடு இறக்கி, இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பது அவர் முறை. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்கி 'விட்ஸ்' என்றே அதற்குப் பெயர். ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல் இரண்டாவது சாட்சியையும் விசாரிப்பது போன்றது இது.

புள்ளி வைப்பதிலும் தவறு வரும். 1971-இல் பாம்ரிண்ட், பிரான்ட்ஸ் என்ற இருவர் ஒரே படத்தைப் பலரிடம் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. சில புள்ளிகள் எளிதில் பிடிபடும், சில புள்ளிகள் நழுவும். ஆகவே ஒரு டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பெரிய முடிவு எடுக்கக் கூடாது என்பது அந்த ஆய்வு தந்த பாடம். இன்று கணினி மென்பொருள் நொடியில் புள்ளி வைத்துத் தருகிறது. ஆனாலும் அந்தப் புள்ளிகளைச் சரிபார்க்க படித்த கண் வேண்டும்.

இருபது பேரின் முகம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்தச் 'சரியான' எண்கள் யாருடைய முகத்திலிருந்து வந்தன?

ஆங்கிள் காலத்தில் முக அழகுக்கு எடுத்துக்காட்டாக அப்பல்லோவின் பழைய சிலையைக் காட்டினார்கள். பிறகு சிலை போய் எண் வந்தது. 1948-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டவுன்ஸ் முதன்முதலாக ஒரு முழுமையான அளவை முறையை வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 12 முதல் 17 வயது வரையுள்ள, நல்ல பல் வரிசை கொண்ட 20 வெள்ளை இன இளையர்களை. வெறும் இருபது பேர்! டவுன்ஸ் செய்தது அந்தக் காலத்துக்குப் பெரிய வேலை. அளவுகளுக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு என்பதை அவரே காட்டினார். ஆனால் அட்டவணைகள் கடல் கடந்து பயணம் செய்தபோது எல்லைகள் உதிர்ந்து, சராசரி மட்டும் மிஞ்சியது. சராசரியே சட்டமாகிவிட்டது.

அரிசோனாவின் சார்ல்ஸ் ட்வீட் கீழ் முன்பற்கள் தாடை எலும்பின் மேல் 90 டிகிரியில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற கருத்தை வலுப்படுத்தினார். அதற்கு இடம் வேண்டுமானால் பல் எடுக்கத் தயங்கக் கூடாது என்றார். அவர் தம் சொந்த நோயாளிகளிடம் பழைய சிகிச்சை நிலைக்காமல் போனதைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார். பல நேரங்களில் அது சரியான முடிவும்கூட. ஆனால் பிறப்பிலேயே பற்கள் சற்று முன்சாய்ந்து, உதடு சற்றுத் தடித்து இருப்பதே இயல்பாக உள்ள மக்களிடம் அந்த 90 டிகிரியை அப்படியே பொருத்தினால் என்ன ஆகும்? ஊரில் பாதிப் பேர் நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

இதை அமெரிக்காவிலேயே சீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1951-இல் காட்டன், தகானோ, வாங் என்ற மூவர் டவுன்ஸின் அளவுகளைக் கறுப்பின, ஜப்பானிய வம்சாவளி, சீன வம்சாவளி அமெரிக்கர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். பல் வரிசை நன்றாக இருந்தும் எண்கள் ஒத்துப்போகவில்லை. முகம் தவறா, அட்டவணை தவறா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

நம் முகத்திற்கு நம் அளவு

இந்தியாவில் 1960-களிலேயே இந்த வேலை தொடங்கியது. வட இந்தியர்களின் முக அளவுகளைப் பற்றி நந்தா ஆய்வாளர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை இதில் ஒரு மைல்கல். பின்னர் சென்னை உள்ளிட்ட தென்னிந்திய நகரங்களிலும் பல ஆய்வுகள் நடந்தன. நல்ல பல் வரிசையும் சமநிலையான முகமும் உள்ள தென்னிந்தியர்களுக்கும், முன்பற்கள் அமெரிக்க வெள்ளையர்களின் சராசரியைவிடச் சற்று முன்சாய்ந்திருப்பதையும் உதடுகள் முன்னே இருப்பதையும் அந்த ஆய்வுகள் பலவற்றில் காணலாம்.

நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972-இல் பல் மருத்துவப் புலம் உருவானது. 2010-களில் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலாய், சீன, இந்திய முகங்களின் அளவுகளைத் தனித்தனியாகவும் ஒப்பிட்டும் வெளியிட்டார்கள்.

பாசிர் கூடாங் போன்ற ஊருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். 1977-இல் ஜொகூர் துறைமுகம் இங்கே செயல்படத் தொடங்கிய பிறகு ஊர் மாறிவிட்டது. தோட்டத்தில் பிறந்த நம்மவர்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். மற்ற மாநிலத்தவர் வந்தார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். 2020-இல் மாநகர் தகுதியும் கிடைத்துவிட்டது. இங்குள்ள ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் காலையில் மலாய்க்காரப் பிள்ளையும், அடுத்து சீனப் பிள்ளையும், அதற்கடுத்து தமிழ்ப் பிள்ளையும் அதே நாற்காலியில் உட்காரலாம். மூவரையும் இருபது அமெரிக்க இளையர்களின் சாணால் அளப்பது எப்படி நியாயமாகும்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தியருக்கு ஓர் எண், சீனருக்கு ஓர் எண் என்று பிரித்துக்கொண்டே போனால் தர்ஸ்டன் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய்விடுவோம். தமிழர் முகம் என்று ஒரே முகம் கிடையாது. ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தாடை வேறாக இருக்கிறது. கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த அட்டவணை? சமூகத்துக்கான சராசரி ஒரு துணைதான், தீர்ப்பு அல்ல. பிள்ளையின் உதடு சிரமமின்றி மூடுகிறதா, பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா, வளர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கிறதா, பிள்ளைக்கே தன் முகத்தைப் பற்றி என்ன எண்ணம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். நீண்டிருக்கும் பற்களால் மனம் ஒடிந்த பிள்ளைக்குப் பல் எடுத்துக் கம்பி போடுவது பெரிய உதவி. குறையே இல்லை என்று எண்ணும் பிள்ளைக்கு எண்ணைக் காட்டிக் குறையை உண்டாக்குவது உதவி அல்ல.

பெற்றோர்களுக்கு நான்கு வார்த்தை

முதலாவது, படம் இல்லாமல், அளவை இல்லாமல், அரை மணி நேரத்தில் கம்பி ஒட்டித் தருகிறேன் என்பவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். 2017-இல் மலாக்காவில் அனுமதியின்றிப் பல் கம்பி பொருத்தியவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, பல் சீரமைப்பு நிபுணரா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, எக்ஸ்ரே என்றதும் பயப்பட வேண்டாம். நவீன கருவியில் எடுக்கும் ஒரு பக்கவாட்டுத் தலைப் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் நம் உடம்பு பெறும் அளவுதான். அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது. எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது, பல் எடுக்க வேண்டும் என்று சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். யாருடைய அளவோடு ஒப்பிட்டீர்கள், எடுக்காமல் செய்தால் என்ன ஆகும், எடுத்தால் முகத்தோற்றம் எப்படி மாறும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சிதான் அடைவார். மனம் சமாதானம் ஆகவில்லை என்றால் இன்னொரு நிபுணரையும் பார்க்கலாம்.

நான்காவது, பிள்ளையின் முன்னால் எண்ணைச் சொல்லி முகத்தைக் குறைகூறாதீர்கள். "உன் தாடை மூன்று டிகிரி நீளம்" என்று வீட்டில் விளையாட்டாகச் சொன்னது அந்தப் பிள்ளையின் மனத்தில் முப்பது வருடம் தங்கிவிடும். வளரும் பிள்ளையின் ஒரு படம் ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். கீழ்த்தாடை பதின்ம வயதின் கடைசி வரையிலும் வளரக்கூடியது.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது சீரமைப்புத் துறைக்கு வர வேண்டும், ஆய்வுக்கும் வர வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழும்பூரில் அளவுக் கருவியின் ஒரு முனையில் மட்டுமே நாம் இருந்தோம், அளக்கப்படுகிறவர்களாக. இன்று மறுமுனையைப் பிடிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. மனிதர்களைத் தரம் பிரிக்கப் பிடித்த கருவியை, ஒரு பிள்ளை நன்றாக மெல்லவும், தெளிவாகப் பேசவும், கூச்சமின்றிச் சிரிக்கவும் உதவும் கருவியாகப் பிடிக்க வேண்டும்.